உப்புவெளியில் சிஎன்சி ரவுட்டர்: சட்டத்தை எதில் கட்டுவது?

தம்பி, கணினி நகர்த்தி வெட்டும் சிஎன்சி ரவுட்டருக்கு நான்கடி அகலத்தில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சட்டம் கட்டி, மரத்தோடு அலுமினியமும் வெட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மரம் வெட்டலாம். அலுமினியத்துக்கு அந்தச் சட்டம் தாங்காது. என் முதல் மெஷினும் அப்படித்தான். பிட் (சுழன்று வெட்டும் அலகு) கீச்சிட்டு, வெட்டின ஓரமெல்லாம் அலையலையாக வந்தது.

வெட்டும் தலையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நீளத்தைப் பாதியாக்கினால், அதே பாரத்துக்கு வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும். அதனால் இரண்டடியோடு நிறுத்தி, இரும்புப் பெட்டிக் குழாயில் கட்டுங்கள். அந்தத் தலையை நகர்த்தும் திருகுக்கு 1605 பால் ஸ்க்ரூ, அதாவது 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு, உங்களுக்குப் போதும். அலுமினியத்துக்கு ஒற்றை வெட்டுவாய் பிட் போடுங்கள்.

அப்புறம், நம்ம கடற்காற்று. தலை ஓடும் இரும்பு ரெயிலை இரண்டு கிழமை சும்மா விட்டேன், செம்புள்ளி விழுந்துவிட்டது. மரத்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி மூடிவிடுங்கள்.