‘மழை’க்குப் புதிய வரி வரவில்லையா?

தங்கச்சி, கல்முனையிலிருந்து தினமும் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய்வருகிறீர்கள். நாளுக்கொரு கவிதை எழுத உட்கார்ந்தால் ‘மழை’ என்ற தலைப்புக்கு ‘வானத்தின் கண்ணீர்’தான் வருகிறது என்கிறீர்கள். தலைப்பு மிகப் பெரிது, அதுதான் காரணம். மழையை விடுங்கள். வழியில் கல்லடிப் பாலத்தில் சாரல் அடித்தபோதும் பஸ் யன்னலை மூட மறுத்த ஒருவரை எழுதுங்கள்.

நம் பகுதி நாட்டார் கவிகளைக் கவனியுங்கள். நான்கே வரி, பல கவிகள் ‘மச்சான்’, ‘கிளியே’ என்று யாரையோ விளித்துத்தான் பேசும். யாருக்குச் சொல்கிறோம் என்பது தெளிந்ததும் அலங்காரச் சொற்கள் தாமாக உதிர்ந்துவிடும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பஸ்ஸில் கண்ட ஒன்றை மட்டும் கொப்பியில் குறித்துவிட்டு, இரவில் அதை அம்மாவிடம் சொல்வதுபோல் நான்கு வரியாக்குங்கள். அன்றே திருத்த வேண்டாம்; வார இறுதியில் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, பிடித்த இரண்டை மட்டும் திருத்தினால் போதும்.