தென்சென்னை வெள்ளமும் நிலப்பயன்பாடும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்சென்னை வெள்ளம் பற்றிய தங்கள் கட்டுரையில், மழையைவிட நகர அமைப்பே பெரிய காரணம் என்று எழுதியிருந்தீர்கள். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அதை எந்த நகரம் தாங்கும்? வடிகால்களை அகலப்படுத்தினால் போதாதா? ஒரு பகுதி எந்த அளவுக்குப் பாதிக்கப்படக்கூடியது என்பதை அதன் அமைப்பைக் கொண்டு எப்படி மதிப்பிடுவது? மேடவாக்கம் பக்கம் மனை வாங்க எண்ணியிருப்பதால் கேட்கிறேன்.

கே. எஸ்.

அன்புள்ள கே. எஸ்.,

அந்த மழை அசாதாரணமானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அவ்வளவு பெய்தால் எந்தத் தெருவிலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஆனால் ஒரே மழையில் ஒரு தெருவில் மறுநாளே வடிந்துவிட்ட நீர், சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு தெருவில் நாள்கணக்கில் நின்றால், அந்த வேறுபாட்டுக்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மழை ஓய்ந்து பல நாட்கள் ஆகியும் நீர் வடியவில்லை. ஆகவே மதிப்பீடு என்பது எத்தனை செ.மீ. பெய்தது என்பதோடு நின்றுவிடக் கூடாது. எவ்வளவு நேரம் நீர் நிற்கும், ஏன் நிற்கும் என்பதிலிருந்தே அது தொடங்க வேண்டும்.

முதலில் தரை. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 22,000 லிட்டர் நீர் விழுகிறது. மண்ணும் மரமும் உள்ள இடத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே ஓடினால், கான்கிரீட்டும் தாரும் மூடிய இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும். பலரும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. 2015 நவம்பர் முழுவதும் பெய்த மழையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. ஊறிய மண்ணும் கிட்டத்தட்டக் கான்கிரீட்டைப் போலத்தான் நடந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாளில் ஊரைக் காப்பது, நீர் தங்கிச் செல்லும் இடமும் அது வெளியேறும் வழியும்தான்.

தென்சென்னையில் அந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். தாம்பரம், மேடவாக்கம் பகுதிகளைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பினால், உபரி நீர் கலங்கல் எனப்படும் வெளியேற்று அமைப்பின் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, கடைசியில் அங்குதான் வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் சதுப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். சுமார் 5,000 ஹெக்டேர் பரப்பில் இருந்ததாகச் சொல்லப்படும் இந்தச் சதுப்பில், 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்க்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,250 ஹெக்டேர் மட்டுமே. மற்ற இடங்களில் குப்பைக் கிடங்கும் அலுவலக வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வந்துவிட்டன. அங்கே தங்கியிருக்க வேண்டிய நீர் இப்போது அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்குகிறது. எவ்வளவு அகலமான வடிகாலும் நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லுமே தவிர, அதைத் தேக்கி வைக்காது. கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாயும் நீரை வாங்காது.

சாலைகளை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை சதுப்பின் குறுக்கே செல்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை, கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் நீரின் குறுக்கே வடக்கு தெற்காக நீள்கிறது. உயர்த்திப் போட்ட சாலை நீருக்கு ஏரிக்கரைதான். அதன் அடியில் எத்தனை பாலக்கண்கள் உள்ளன, அவை தூர்ந்திருக்கின்றனவா என்பதுதான் மேற்கே உள்ள வீடுகளில் நீர் எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. உட்தெருக்களிலும் இதே கதைதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளின் வாசல் இன்று சாலையைவிட ஓரடி இரண்டடி தாழ்ந்து கிடக்கிறது. சென்னைப் பெருநகரின் வளர்ச்சிக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் மேட்டிலுள்ள தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் குடியிருப்பு என்று ஒரே வண்ணம்தான்.

அடுத்தது மனிதர்கள். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கைகள் பேரிடர் ஆபத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கின்றன: நேரும் நிகழ்வு, அதன் பாதையில் இருப்பவை, அடிபட்டால் மீண்டெழ முடியாத நிலை. மூன்றாவதை எந்த வடிகால் வரைபடமும் காட்டாது. 2015க்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து ஏராளமான குடும்பங்களைப் பாதுகாப்பின் பெயரில் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அதுவும் இதே சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் நகருக்குள் போய்வந்தவர்களுக்குப் பேருந்துப் பயணம் பல கிலோமீட்டர் நீண்டது. நீர் சூழ்ந்து நான்கு நாள் பேருந்து ஓடாவிட்டால் அவர்களுக்கு நான்கு நாள் வருமானம் இல்லை. அதே நான்கு நாள் மாடியிலிருந்து மடிக்கணினியில் வேலை செய்பவரையும் அவர்களையும் ஒரே வார்டின் சராசரியில் அடைக்கும் மதிப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். நகர அமைப்பு நீரை மட்டும் திருப்பிவிடுவதில்லை. யார் அந்த நீரின் பாதையில் வாழ வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது.

இனி உங்கள் மனை. பட்டா சரியாக இருப்பதும் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருப்பதும் மட்டும் போதாது. சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் நிலப்பதிவேடான 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பாருங்கள். உங்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், சுற்றியுள்ள எண்களில் ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால் என்று எவை பதிவாகியிருக்கின்றன, அவை இன்று தரையில் இருக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். அருகிலுள்ள ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பழைய குடியிருப்பாளர்களிடம் கேளுங்கள். லாரி லாரியாக மண் கொட்டி மனையை உயர்த்திவிட்டதாக விற்பவர் சொன்னால், உங்கள் வீட்டுக்குள் வராத நீர் பின்வீட்டுக்குப் போகிறது என்றுதான் அதற்குப் பொருள். தெருவின் மழைநீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவரால் காட்ட முடியவில்லை என்றால் அந்த மனையை வாங்காதீர்கள்.