ஜாமீனில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் சனி, ஞாயிறு இரவுகளில் ஒரே இடத்தில் கூடி இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து பார்ப்பவர்கள். பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட், பாதிப் பேர் ஆர்சனல். யுனைடெட்டில் ஆடியபோது ஒரு பெண்ணைத் தாக்கியதாகவும் பாலியல் வன்முறைக்கு முயன்றதாகவும் குற்றம் சாட்டப்பட்ட மேசன் கிரீன்வுட் பேச்சை எடுத்தாலே சண்டைதான். அந்தச் சண்டை இப்போது எங்கள் டீமுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) டீமின் ஸ்ட்ரைக்கர் குடித்துவிட்டு மனைவியை அடித்ததில் அந்தப் பெண்ணின் கை எலும்பு முறிந்துவிட்டது. கேஸாகி, ஆள் இப்போது ஜாமீனில் இருக்கிறார். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மாதமாகக் குடியைத் தொடவில்லை. பொங்கலுக்கு டோர்னமென்ட். ‘ஆட்டம் வேறு, வீடு வேறு, நாங்கள் மூன்று பேர் போய் அந்தப் பெண்ணிடம் பேசி கேஸை வாபஸ் வாங்க வைக்கிறோம்’ என்கிறார்கள் பெரியவர்கள். ‘இனி அவன் கிரவுண்டுப் பக்கமே வரக்கூடாது’ என்கிறார்கள் பையன்கள். அதே கிரவுண்டில் ஞாயிறு காலை பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி நடக்கிறது. டீமின் செயலாளர் நான். யார் பக்கம் நிற்பது?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பெரியவர்களையும் இன்றைக்கே தடுத்து நிறுத்துங்கள். பழத்தட்டோடு போனாலும் சரி, வெறுங்கையோடு போனாலும் சரி, வழக்கில் சாட்சியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் ஆட்கள் போய்ப் பேசுவதை நீதிமன்றம் சமாதானம் என்று பார்க்காது. சாட்சியை அணுகக்கூடாது, மிரட்டக்கூடாது என்பது இத்தகைய வழக்குகளின் ஜாமீன் உத்தரவில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. தன் சார்பில் வேறு யாராவது போனாலும் அவருடைய ஜாமீன் ரத்தாகலாம். குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் கீழ் பாதுகாப்பு உத்தரவும் வாங்கப்பட்டிருந்தால், அதை மீறுவது தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரியவர்கள் யாரைக் காப்பாற்றக் கிளம்புகிறார்களோ அவரையே உள்ளே அனுப்பிவிட்டு வருவார்கள்.

போனாலும் காரியம் ஆகாது. கணவரின் கொடுமை என்ற பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85) கர்நாடகத்தில் சமரசத்துக்கு உட்படாத குற்றம். ஸ்டேஷனுக்குப் போய் ‘வாபஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு மறையாது. இரு தரப்பும் உயர் நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதி ஒப்புக்கொண்டு ரத்து செய்தால்தான் உண்டு. எலும்பு முறிந்திருப்பதால் கொடுங்காயமும் சேர்ந்திருக்கும். அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை.

‘கேஸ் முடிஞ்சிடுச்சு மச்சா’ என்று ஒருவர் வந்து சொன்னால் எப்படி முடிந்தது என்று கேளுங்கள். போலீஸ் ‘பி ரிப்போர்ட்’ போட்டதா? அப்படியானால் ஆதாரம் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவுதான். புகார் கொடுத்தவர் அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம், மாஜிஸ்திரேட் அதை ஏற்காமலும் போகலாம். உயர் நீதிமன்றம் ரத்து செய்ததா? விசாரணை நடந்து விடுதலையா? சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையா? ரசிகர் வாயில் இவை எல்லாமே ‘க்ளீன் சிட்’ ஆகிவிடுகின்றன.

நீங்கள் கிரீன்வுட்டை வைத்துச் சண்டை போடுவதும் இந்தக் குழப்பத்தில்தான். அவர்மீதான குற்றச்சாட்டுகள் 2023 பிப்ரவரியில் கைவிடப்பட்டன. முக்கிய சாட்சிகள் விலகினார்கள், புதிய தகவலும் வந்தது என்று அரசுத் தரப்பு சொன்னது. விசாரணை நடக்கவே இல்லை. அந்தக் குற்றங்களை அவர் செய்யவில்லை என்று முடிவுக்கு வந்ததாக அதே ஆண்டு ஆகஸ்டில் கிளப் அறிவித்தது. அதே அறிவிப்பில், அவர் வேறு இடத்தில் ஆடுவதே நல்லது என்றும் சொன்னது. பிறகு கெட்டாஃபே, 2024-இல் மார்செய். வேல்ஸ் ஆட்டக்காரர் சேட் எவன்ஸ் கதை வேறு. 2012-இல் பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டார். 2016-இல் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணையில் விடுதலையானார். முதலாமவர் விஷயத்தில் நீதிமன்றம் எதுவுமே சொல்லவில்லை, இரண்டாமவர் விஷயத்தில் சொல்லிவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் இரவெல்லாம் கத்தலாம், விடிந்தாலும் முடியாது.

எவன்ஸ் வழக்கில் ரசிகர்கள் செய்த ஒன்றை உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்காகச் சொல்கிறேன். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை சமூக வலைத்தளத்தில் போட்டார்கள். ஒன்பது பேர் நீதிமன்றத்தில் நின்று ஆளுக்கு 624 பவுண்டு இழப்பீடு கட்டினார்கள். அந்தப் பெண் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு வாழ வேண்டி வந்தது. நம் ஊரிலும் பாலியல் வன்முறை வழக்கில் பெயரை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. உங்கள் ஸ்ட்ரைக்கரின் வழக்கு அந்த வகை இல்லை. இருந்தாலும் அவர் மனைவியின் பெயர், படம், பழைய சண்டையின் வாய்ஸ் நோட் எதுவும் குழுவில் ஓடக்கூடாது. அட்மின் நீங்கள்தான் என்றால், இன்று இரவே அதைத் தடுத்துவிடுங்கள்.

இனி பெரியவர்களின் வாதம்: ‘வந்து ஆடட்டும், ஆட ஆடத் திருந்திவிடுவான்.’ உங்களில் பாதிப் பேர் ஆர்சனல் என்பதால் டோனி ஆடம்ஸையே எடுத்துக்கொள்வோம். 1990 மே மாதம், அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்குக்கு மேல் குடித்துவிட்டு காரைச் சுவரில் மோதினார். டிசம்பரில் நான்கு மாதத் தண்டனை. பாதியை அனுபவித்துவிட்டு வெளியே வந்தார். ரசிகர்கள் ஆரவாரமாக வரவேற்றார்கள். அந்த சீசனிலேயே ஆர்சனல் லீக்கை வென்றது, கேப்டன் அவர்தான். திருந்திவிட்டார் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் குடியை நிறுத்தியது 1996-இல்! கைதட்டல், கோப்பை, கேப்டன் பட்டை எல்லாம் இருந்தும் இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் குடித்தார். அந்தச் செப்டம்பரில் சக ஆட்டக்காரர்களைக் கூட்டி ‘நான் குடிநோயாளி’ என்று சொன்னதும், 2000-இல் மற்ற விளையாட்டு வீரர்களுக்காகச் சிகிச்சை நிலையம் தொடங்கியதும்தான் மாற்றம். அதில் ஒன்றுகூட ஆட்டத்தில் நடந்ததல்ல.

இத்தாலியின் பாவ்லோ ரோஸ்ஸியைச் சொல்வார்கள். 1980 மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்தில் தடை, 1982 ஏப்ரல் கடைசியில் திரும்பினார், அந்தக் கோடையில் உலகக் கோப்பையில் ஆறு கோல், அதில் மூன்று பிரேசிலுக்கு எதிராக. தான் குற்றமற்றவர் என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார். ஆறு கோலை வைத்து அது உண்மையா பொய்யா என்று யாராலும் சொல்ல முடியாது. கோல் அவருடைய காலைப் பற்றிச் சொன்னது, அவ்வளவுதான்.

மாலை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மண்டலம் விரதம் இருப்பது சின்ன விஷயமில்லை, அதைக் கேலி செய்யவும் மாட்டேன். நிறுத்த அவரால் முடியும் என்பது அதில் தெரிகிறது. ஆனால் மாலை கழுத்தில் இருக்கும்வரை ஊரே காவல். சாமி என்று கூப்பிடுவார்கள், கூட்டாளிகளும் ஊற்ற மாட்டார்கள். சோதனை மாலை கழற்றிய பிறகுதான். உங்கள் டோர்னமென்ட் சரியாக அந்த வாரத்தில் வருகிறது. ஜெயித்தால் பார்ட்டி, தோற்றாலும் பார்ட்டி. குடியை விட்ட முதல் சில மாதங்களில் மறுபடி தொடுவது மிகச் சாதாரணம். மறுபடி தொடர்ந்து குடிக்க ஆரம்பித்தால், அறையில் பூட்டி வைத்து நிறுத்தவைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம். நாள்பட்ட குடியைச் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம் வரும். ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டி வரும் சித்தப்பிரமை உயிருக்கே ஆபத்து. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, அங்கே போதை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் பேட்டையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்.

இன்னொன்று. குடியை விட்டால் கை ஓங்குவதும் நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குடித்துவிட்டு ரெஃப்ரியை அடித்தாரா? எதிரணி டிஃபெண்டரை? வீட்டில் மட்டும்தான் கை ஓங்கியது என்றால் அதைக் குடியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. குடிக்கு ஒரு சிகிச்சை, கைக்கு வேறொரு ஆலோசனை. இரண்டுக்கும் போகிறாரா என்று கேளுங்கள்.

‘கிரவுண்டுப் பக்கமே வரக்கூடாது’ என்னும் பையன்களின் கோபம் நியாயமானது. ஆனால் காலவரையில்லாமல் தள்ளிவைப்பது தண்டனையாக இருக்கலாமே தவிர, ஏற்பாடாக இருக்காது. பிரென்ட்ஃபோர்ட் டீமின் இவான் டோனி சூதாட்ட விதிகளை 232 முறை மீறியதாக ஒப்புக்கொண்டபோது 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும் போட்டார்கள். முதல் நான்கு மாதம் கிளப்பில் பயிற்சிகூடக் கிடையாது, அதன்பிறகு பயிற்சி மட்டும், கடைசியில்தான் ஆட்டம். (சட்டையில் சூதாட்ட நிறுவனத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடிய டீம் அது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) இத்தாலிக்காரர்கள் இன்னும் தெளிவாகச் செய்தார்கள். அதேபோல் சூதாட்டத்தில் சிக்கிய சான்ட்ரோ தொனாலிக்குப் பதினெட்டு மாதத் தடை விதித்து, அதில் எட்டு மாதத்தைச் சிகிச்சையாகவும், குறைந்தது பதினாறு இடங்களில் இளைஞர்களிடம் போய்ப் பேசுவதாகவும் மாற்றினார்கள். மீதிப் பத்து மாதம் ஆட்டம் இல்லை. சும்மா நாளைக் கடத்துவதற்குப் பதில் அவர் செய்ய வேண்டியது எழுத்தில் இருந்தது.

அந்த இருவரும் கெடுத்தது தங்களையும் ஆட்டத்தின் நம்பிக்கையையும். உங்கள் ஆள் ஒடித்தது இன்னொருவரின் கையை. அதனால் படிகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், மன்னிப்பை எடுத்துக்கொள்ள முடியாது. அது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது; அவர் தராமலே இருக்கலாம், அதற்குக் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. டீமின் கையில் இருப்பது நிபந்தனை மட்டும்தான்.

அதை ஒரு பக்கத் தாளில் எழுதி, கமிட்டியும் அவரும் கையெழுத்துப் போடுங்கள். வழக்கு நடக்கும்வரை போட்டி ஆட்டம் இல்லை. ஜாமீன் உத்தரவின் நகலையும், பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதையும் அவர் தரவேண்டும். ‘வக்கீல் சரின்னு சொல்லிட்டார்’ போதாது. அந்தப் பெண்ணின் அம்மா வீடு கிரவுண்டை ஒட்டி இருந்தால் பயிற்சிக்கும் வரக்கூடாது. சிகிச்சைக்குப் போன சீட்டை மாதம் ஒருமுறை ஒரே ஒருவரிடம் காட்டினால் போதும், ஊருக்கெல்லாம் வேண்டாம். வார நாள் மாலையில் பெரியவர்களோடு ஓடட்டும். ஞாயிறு காலை, சின்னப் பிள்ளைகள் பயிற்சி, கேப்டன் பட்டை, இந்த மூன்றும் கிடையாது. திரும்பி வரும் நாளில் மாலை, பட்டாசு, தமட்டை மேளம், ‘சிங்கம் திரும்ப வந்தாச்சு’ ஃப்ளெக்ஸ் எதுவும் கூடாது. ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

முடிவை அவரிடம் சொல்லும் இரவில் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பெண் பிரிந்து போயிருக்கும் காலம்தான் இத்தகைய குடும்பங்களில் மிக ஆபத்தான காலம். கூட ஒருவர் தங்கட்டும். உதவி வேண்டும் என்று அந்தப் பெண் தரப்பிலிருந்தே யாராவது கேட்டால், 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

ஞாயிறு காலைப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஸ்காட்லாந்தில் ரெய்த் ரோவர்ஸ் டீம் 2022 ஜனவரி கடைசி நாளில் டேவிட் குட்வில்லியை எடுத்தது. பாலியல் வன்முறை செய்தவர் என்று 2017-இல் உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆள். கால்பந்துக்காக எடுத்த முடிவு என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். பெண்கள் அணியின் கேப்டன் உடனே விலகினார், முக்கிய ஸ்பான்சர் விலகினார், சில நாளில் டீம் பின்வாங்கியது. அவர் அங்கே ஓர் ஆட்டமும் ஆடவில்லை, ஆனால் பெண்கள் அணி போய்விட்டது. கமிட்டி கூடும் முன் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேளுங்கள்.

இதையெல்லாம் சொன்னால், ‘பெரிய ஆட்டக்காரன் என்றால் அப்படித்தான்’ என்று ஒருவர் பெலேயை இழுப்பார். உங்கள் பெங்களூரு கௌதமபுரத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. சான்ட்ரா என்ற பெண் தன் மகள் இல்லை என்று அதே பெலே ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் வாதாடினார், தோற்றார். சிலை இருக்கட்டும். ஆனால் நல்ல அப்பாவுக்கு உதாரணம் தேடி யாரும் கௌதமபுரம் போகவேண்டாம்.

ஆக, பொங்கல் டோர்னமென்டுக்கு அவர் பெயர் இல்லாமல் பட்டியல் கொடுங்கள். ஸ்ட்ரைக்கருக்கு எங்கே போவது என்பீர்கள். செவன்ஸில் கோலி போக ஆறு பேர். பின்னால் இரண்டு, நடுவில் மூன்று வைத்துவிட்டு, உங்கள் விங்கர்களில் வேகமானவரை முன்னால் விடுங்கள். சின்ன கிரவுண்டில் உயரமான ஸ்ட்ரைக்கரைவிட, எதிர் டிஃபெண்டர் பந்தை வாங்கும்போதே மேலே விழுந்து அழுத்துகிறவர்தான் அதிகத் தொல்லை கொடுப்பார். இரண்டு வாரம் பழகினால் போதும்.