சுன்னாகத்துத் தங்கச்சி கேட்ட ஸ்கானர் கேள்வி

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஸ்காபரோ வந்து எட்டு மாதம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பஸ் இல்லாத நேரத்தில் வீடு திரும்பவேண்டும் என்று, கையில் இருந்த காசுக்கு 2011 கொரொல்லா ஒன்று வாங்கினீர்கள். மூன்றாம் மாதமே டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு. கராச்சில் காட்ட, "கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் போய்விட்டது, 1,600 டொலர் வரும்" என்றார்களாம். எஞ்சின் புகையைச் சுத்தமாக்கும் பாகம் அது. வீட்டில் வைத்தே பார்க்க, காரின் கம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கானர் ஒன்று வாங்கலாமா, எதை வாங்குவது, பொனற்றைத் திறந்தே பார்க்காத ஒருவரால் அதைப் பாவிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குங்கள். தாராளமாகப் பாவிக்கலாம். நாற்பது டொலருக்குள் முடியும். ஆனால் அந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் வாங்கினால் அதுவே உங்களை அந்த 1,600 டொலர் செலவுக்குள் தள்ளிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதை எழுதுவது கோண்டாவிலில், அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து. லீவில் வந்திருக்கிறேன். வரும்போது அத்தான் கேட்டபடி அவருக்கும் ஒரு ஸ்கானர் கொண்டுவந்தேன். அத்தானிடம் இருப்பது 2010 பிரியஸ். இலங்கையில் 2020இல் கார் இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் எல்லோருக்கும் இருக்கிற காரைக் காப்பாற்றுவதே பாடு. அத்தானுக்கும் அப்படித்தான். ஹைபிரிட் பற்றரி முழுவதையும் மாற்றவேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார்.

நேற்றுப் பின்னேரம் மாமரத்துக்குக் கீழே காரை விட்டு, தீப்பெட்டி அளவு அடாப்டரைக் கொழுவி, போனில் பார்த்தோம். அந்தப் பற்றரிக்குள் 28 மொடியூல். இரண்டிரண்டாகச் சேர்த்து 14 சோடியாகத் திரையில் காட்டும். பதின்மூன்று சோடி ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க, ஒன்று மட்டும் அத்தான் அக்சிலேற்றரை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழே விழுந்தது. கால் எடுத்ததும் ஏறிவிடும். மிதித்தால் திரும்ப விழும். அக்கா பிளேன் ரீயைக் கையில் வைத்தபடி நின்று பார்த்துவிட்டு, "அந்த ஒன்றுதான் கள்ளன்" என்றா. அதை மட்டும் மாற்றினால் எவ்வளவு காலம் நிற்கும் என்பது வேறு கதை, மற்றவற்றுக்கும் அதே வயதுதான். ஆனாலும் இனி அத்தான் கராச்சுக்குப் போகும்போது எந்தச் சோடி என்று இலக்கம் சொல்லிக் கதைப்பார்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொருவரின் நினைவு வருகிறது. நான் ஏ.எல். படித்த காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு மெக்கானிக் ஐயா இருந்தார். 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலம். கார் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டு பெற்றோல் விடுவார்கள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் என்று அவரிடம் வரும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பிளக்கைக் கழற்றி அதன் நுனி கறுப்பா, வெள்ளையா, மண் நிறமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் மூன்று தரம் யோசிப்பார். கழற்றியதற்குப் பதில் போட அவரிடம் வேறு பாகம் இல்லை, கொழும்பிலிருந்து வரவும் வராது. பாகம் கிடைக்காதபடியால் பழுதைக் கண்டுபிடித்தே ஆகவேண்டியிருந்தது. கனடாவில் பாகம் அடுத்த தெருவிலேயே கிடைக்கிறது. அதனால் கண்டுபிடிக்கும் முன்பே மாற்றிவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் எனக்குள்ள பயம் இதுதான்.

நானும் அதில் அகப்பட்டவன். 2003 வின்டரில் என் முதல் காரில், 1999 மொடல், இதே மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு கராச்சில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சர் பழுது என்றார்கள். 480 டொலர். அப்போது ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 6.85 டொலர். எழுபது மணித்தியால வேலை. ஒன்பதாம் நாள் விளக்குத் திரும்ப எரிந்தது. என்னோடு வேலை செய்த ஒருவர் காரின் கம்பியூட்டர் பதிந்துவைக்கும் பழுது இலக்கத்தை (கோட்) வாசிக்கும் தன் ரீடரைக் கொண்டுவந்து பார்த்தார். பி-0171 (P0171). காற்றுக் கூடி எரிபொருள் குறைந்து எரிகிறது என்று பொருள். அவர் பொனற்றைத் திறந்து காது கொடுத்தார். மெல்லிய "ஸ்ஸ்" சத்தம். எஞ்சினுக்குப் பின்பக்கம் ஒரு சிறிய ரப்பர் குழாய் வெடித்திருந்தது. சென்சர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதையே பழுதென்று கழற்றிவிட்டார்கள்.

கோட் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று காட்டும். மலேரியாவா, தடிமனா என்று அது சொல்லாது.

சரி, கருவிக்கு வருவோம். அமெரிக்காவில் 1996 மொடலிலிருந்தும் கனடாவில் 1998 மொடலிலிருந்தும் எல்லாக் கார்களிலும் கார் தன் பழுதைத் தானே பதிந்துவைக்கும் ஓ.பி.டி. 2 என்ற ஒரே முறை கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேலே, 16 துளை உள்ள ஒரு செருகி இருக்கும். குனிந்து போன் லைட் அடித்துப் பாருங்கள். எந்தக் கொம்பனிக் காரானாலும் அதே வடிவம்தான்.

ஸ்கானரில் நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டு வகை. ஒன்று போனோடு புளூடூத்தில் பேசும் சின்ன அடாப்டர். மற்றது திரையும் வயரும் உள்ள கைக்கருவி. அடாப்டர் மலிவு, எஞ்சின் ஓடும்போதே ஒரு சென்சரின் எண்ணைக் கோடாக வரைந்தும் காட்டும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது அதுதான். ஐபோன் என்றால் ஐபோனோடு வேலை செய்யும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகைப் புளூடூத் ஐபோனோடு சேராது. பத்து டொலருக்கு வருகிறவற்றில் கனக்கப் போலி. கனடாவில் இருந்த எல்ம் என்ற கொம்பனியின் இ.எல்.எம். 327 சிப்பைப் பார்த்துச் செய்தவை அவை. சில கார்களோடு கதைக்கும், சிலவற்றோடு நடுவிலே நின்றுவிடும். வாங்கினால் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடையில் வாங்குங்கள். போனோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் கைக்கருவி எடுங்கள். ஆனால் கோட் மட்டும் காட்டுகிறது வேண்டாம், ஓடும்போதே சென்சர் எண்களையும் (லைவ் டேட்டா), விளக்கு எரிந்த நொடியின் பதிவையும் (ஃபிரீஸ் ஃபிரேம்) காட்டுகிறதாக இருக்கவேண்டும். ஏ.பி.எஸ்., எயார்பாக், கருவியிலிருந்தே பாகங்களை இயக்கிப் பார்ப்பது என்று நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்பவை தொழில் செய்கிறவர்களுக்கு. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் காரை நிறுத்திவைத்தபடி அடாப்டரைச் செருகுங்கள். திறப்பை "ஒன்" வரை திருப்புங்கள், ஸ்டார்ட் பண்ணவேண்டாம். போனில் இறக்கிய ஸ்கானர் செயலியில் கோட் வாசிக்கச் சொல்லுங்கள். பி (P) என்று தொடங்கினால் எஞ்சின், கியர் பக்கம். சி (C) என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம். பி-க்கு அடுத்தது சைபர் என்றால் எல்லாக் கார்களுக்கும் பொதுவான கோட், ஒன்று என்றால் அந்தக் கொம்பனிக்கே உரியது. கோட்டோடு சேர்த்து ஃபிரீஸ் ஃபிரேமைப் பாருங்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். எல்லாவற்றையும் போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அழித்தால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும், ஃபிரீஸ் ஃபிரேமும் போய்விடும். பிறகு எந்த மெக்கானிக்கும் வெறுங்கையோடுதான் தொடங்கவேண்டும்.

உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக பி-0420. கொன்வேர்ட்டர் வேண்டிய அளவுக்கு வேலை செய்யவில்லை என்று கம்பியூட்டர் நினைக்கிறது என்பதுதான் அதன் பொருள். "நினைக்கிறது" என்று சொன்னேன், கவனியுங்கள். கொன்வேர்ட்டருக்குப் பின்னால் ஒரு ஒட்சிசன் சென்சர் இருக்கிறது. அது பார்ப்பதை வைத்துத்தான் முடிவு. அந்த இடத்துக்கு முன்னால், புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் குழாயில் ஒரு பொத்தல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்க் கணக்கைக் குழப்பும். ரொறொன்ரோவில் வின்டர் முழுக்க உப்புப் போடுகிறார்கள். பதினைந்து வருடக் காரின் அடிப்பாகம் எப்படித் துருப்பிடித்திருக்கும் என்று யோசியுங்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியை இறக்கி, முன்பக்கம் "டிக் டிக்" என்று சத்தம் வந்து சூடானதும் குறைகிறதா என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் லீக் இருக்க வாய்ப்புண்டு. அப்புறம் இருபது நிமிடம் ஓடி, நல்ல சூட்டோடு ஓரிடத்தில் நிறுத்தி, செயலியில் லைவ் டேட்டாவுக்குப் போய், பின் ஒட்சிசன் சென்சரைத் தெரிவு செய்யுங்கள். பாங்க் 1 சென்சர் 2 என்று இருக்கும். எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடியுங்கள். கோடு 0.6, 0.7 வோல்ட் அளவில் ஆறுதலாக நின்றால் கொன்வேர்ட்டர் இன்னும் உழைக்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையில் கெதிகெதியாக ஏறி இறங்கினால், லீக்கும் இல்லை என்றால், கராச்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. எப்படிப் பார்த்துச் சொன்னார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

போய்க் கேட்கும்போது, "பி-0420 என்று தெரியும். எக்ஸோஸ்ட் லீக் பார்த்தீர்களா? பின் சென்சரின் வோல்டேஜ் எப்படி இருந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார், காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டுவார். எரிச்சல் பட்டால் வேறு இடம் பாருங்கள். நீங்கள் புதிதாக வந்தவர், பெண் பிள்ளை, தமிழில் கதைக்கிறவர் என்பதற்காக யாரும் உங்களுக்கு விளக்கம் குறைத்துச் சொல்லக்கூடாது.

அவசரமும் இல்லை. விளக்கு அசையாமல் எரிகிறவரை நீங்கள் வேலைக்குப் போய் வரலாம். மினுங்கத் தொடங்கினால் மட்டும் அது வேறு. எஞ்சினில் ஒரு சிலிண்டர் தவறி எரிகிறது, எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும். உடனே ஓரமாக நிறுத்துங்கள். பி-0301 என்றால் முதலாவது சிலிண்டர், 0302 என்றால் இரண்டாவது, இப்படிப் போகும். பிளக் அல்லது கொயிலாக இருந்தால் செலவு சிறியது.

யாராவது கொன்வேர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் போட்டுத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். ஒன்ராறியோவில் 2019 ஏப்ரலில் சாதாரண கார்களுக்கு டிரைவ் கிளீன் என்ற புகைச் சோதனையை நிறுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தைக் கழற்றுவது இன்றைக்கும் சட்டப் பிழை.

இன்னொன்று. அடுத்த கார் வாங்கப் போகும்போது இந்த அடாப்டரைக் கைப்பையில் கொண்டுபோங்கள். விற்பவர் தரும் சேஃப்டி சேர்ட்டிபிக்கேற் 36 நாளைக்குத்தான் செல்லும். பிரேக், ரயர், ஸ்டியரிங் மாதிரியானவற்றுக்கு அது. எஞ்சினின் மனதை அது சொல்லாது. செயலியில் "ரெடினெஸ் மொனிற்றர்" என்று ஒரு பக்கம் இருக்கும். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், கோட்டை அழித்தோ பற்றரியைக் கழற்றியோ கனநாள் ஆகவில்லை என்று பொருள். சில கார்களில் கடைசியாக அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்றே காட்டும். மூன்று மாதத்துக்கு முன் உங்களிடம் இது இருந்திருந்தால் இந்தக் கொரொல்லாவிலேயே பார்த்திருக்கலாம் என்று வாசிக்கும்போது மனம் கனத்தது.

வேலை முடிந்து வந்து நிறுத்தியதும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். அந்தச் செருகிக்கு எஞ்சின் நிற்கும்போதும் பற்றரியிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும். மைனஸ் இருபது குளிரில் பற்றரி ஏற்கனவே பாதிப் பலத்தோடுதான் நிற்கிறது. இரவு வேலைக்குப் போகிற நேரம் கார் ஸ்டார்ட் ஆகாமல் நீங்கள் தெருவில் நிற்கக்கூடாது.

பின் சென்சரின் கோட்டை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஃபிரீஸ் ஃபிரேமோடு சேர்த்து. இங்கே ராத்திரி என்றாலும் பார்ப்பேன். அதைப் பார்க்கும்வரை அந்த 1,600 டொலருக்கு ஓம் சொல்லாதீர்கள்.