சொந்த விமானத்தை விற்கும் முன்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் சிறிய விமானம் வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக இந்த விமானங்களைப் பிரித்துப் பழுதுபார்த்து வரும் மெக்கானிக்காகப் பதில் சொல்கிறேன்.

என்னிடம் 1975ஆம் ஆண்டு செஸ்னா 172 இருக்கிறது. என்ஜின் 1,850 மணி நேரம் ஓடிவிட்டது. ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) செய்து விற்றால் நல்ல விலை கிடைக்குமா?

வேண்டாம். உங்கள் லைகோமிங் ஓ-320 என்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி. வாங்க வருபவர் 1,850 என்று படித்ததுமே அந்தச் செலவை மனத்துக்குள் கழித்துவிடுவார். நீங்கள் முந்திக்கொண்டு செய்தால் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. எந்தப் பட்டறையில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கு இல்லாமல் போகும். விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கோடு இன்னொன்றையும் எழுதுங்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை மணி பறந்தது? இந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஹேங்கரில் சும்மா நின்றால் அதன் மேல் இருக்கும் எண்ணெய் வடிந்து துரு பிடிக்கும். 400 மணியே ஓடி, ஐந்தாண்டாக உறங்கும் என்ஜினைவிட, வாரந்தோறும் பறக்கும் 1,850 மணி என்ஜினை நான் நம்புவேன். விவரம் தெரிந்தவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

முந்தைய உரிமையாளர் காலத்தில் முன்சக்கரம் தரையில் மோதி, என்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகடு வளைந்தது. சரிசெய்து 30 ஆண்டு ஆகிறது. இதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டுமா?

முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பெரிய பழுதுபார்ப்புக்குப் பொதுவாக 337ஆம் எண் படிவம் உண்டு. அதன் நகல் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) கோப்பில் இருக்கும். யார் கேட்டாலும் அந்தக் கோப்பைப் பெறலாம்.

ஒருமுறை வாங்குபவர் சார்பில் ஒரு 172-ஐப் பார்க்கப் போனேன். தரையில் மல்லாந்து படுத்து, பெடல்களுக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். மற்றவற்றோடு நிறம் சேராத ஒரு வரிசை ரிவெட் கண்ணில் பட்டது. வேலை அருமையாகத்தான் செய்யப்பட்டிருந்தது. ஆனால் விற்பவர் வாய் திறக்கவில்லை என்பதால், மூன்று மாநிலம் தாண்டி வந்த வாங்குபவர் அன்று மாலையே திரும்பிப் போய்விட்டார். முன்பே சொல்லியிருந்தால் அந்த விமானம் அன்றே கைமாறியிருக்கும். எனக்கு அது இன்றும் வருத்தம்.

எங்கே, எப்படி விளம்பரம் செய்வது?

மஞ்சள் காகிதத்துக்குப் பேர்போன, 1937-இல் தொடங்கிய ‘ட்ரேட்-எ-பிளேன்’ என்ற விமான விற்பனை விளம்பர இதழும் அதன் இணையதளமும் தெரிந்த இடம். உங்கள் விமான நிலைய அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டையும் ஒட்டுங்கள். அங்கே பயிற்சி முடித்தவர்கள்தாம் முதலில் வாங்க நினைப்பவர்கள்.

அந்தி வானப் பின்னணியில் எடுத்த படம் ஒன்று போதும். மற்றவை வேலைக்கானவையாக இருக்கட்டும்: மணிக்கணக்கு காட்டும் டேக்கோமீட்டர், கழுவித் துடைத்த அடிவயிறு, கௌலிங் (மேலுறை) கழற்றிய என்ஜின், கடைசி ஆண்டுப் பரிசோதனை கையெழுத்திட்ட லாக்புக் (பராமரிப்புப் பதிவேடு) பக்கம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை எண்களையும் 80-க்கு 76, 80-க்கு 74 என்று அப்படியே கொடுங்கள். “நல்ல நிலையில் உள்ளது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதனால் யாருக்கும் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை.

லாக்புக்கைத் தபாலில் அனுப்பச் சொல்கிறார் ஒருவர்.

கூடாது. ஸ்கேன் செய்து அனுப்புங்கள். தொலைந்துபோனால் அந்த வரலாற்றை யாராலும் முழுதாக மீட்க முடியாது. விமானத்தின் மதிப்பும் அதோடு சரியும்.

வாங்குபவர் தன் மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா?

தாராளமாக. செலவு அவருடையது. வழக்கமாக உங்கள் விமானத்தைப் பார்ப்பவர் அல்லாத வேறொருவர் செய்வதே இருவருக்கும் நல்லது. முன்பணம் வாங்கிக்கொண்டு, இது வாங்குமுன் சோதனை மட்டுமே, ஆண்டுப் பரிசோதனை அல்ல என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஆண்டுப் பரிசோதனையாகத் தொடங்கி, குறைகள் பட்டியலோடு முடிந்து, வாங்குபவரும் விலகினால், பறக்க முடியாத விமானம் உங்கள் தலையில் நிற்கும். சோதனைப் பறப்புக்கு நீங்களே விமானியாக உடன் செல்லுங்கள். அதற்கு முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணம் வந்ததும் என்னென்ன தாள்கள்?

விளம்பரம் கொடுக்கும் முன்பே ஓக்லஹோமா சிட்டி பதிவில் பழைய அடமானம் நிற்கிறதா என்று பாருங்கள். கடன் அடைத்து இருபது ஆண்டு ஆனபின்னும் விடுதலைத் தாள் பதிவாகாமல் விற்பனை தடைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். விற்பனைப் பத்திரம் 8050-2ஆம் எண் படிவம். வாங்குபவரின் பதிவு விண்ணப்பம் 8050-1. உங்கள் பதிவுச் சான்றிதழில் விற்ற விவரத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, தாமதிக்காமல் எஃப்ஏஏ-க்கு அனுப்புங்கள். தெரியாதவரோடு பெரிய தொகை என்றால் இருவருக்கும் நடுவே பணத்தைப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ நிறுவனம் வழியாகச் செல்லுங்கள். தொகை உறுதியான பிறகு சாவியையும் லாக்புக்குகளையும் ஒன்றாகக் கையில் கொடுங்கள்.