முதலில் சூடு, அப்புறம்தான் பால்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். தேயிலைத் தோட்டத்து ஓரம் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியை மகள் தூக்கி வந்துவிட்டாள். கண் திறந்திருக்கிறது, நடை தள்ளாடுகிறது. பசும்பாலில் வர்க்கியை ஊறவைத்துக் கொடுத்தோம், கழிச்சல். ராத்திரி முழுக்க நடுங்குகிறது. என்ன செய்வது?

பதில்: கழிச்சலைவிட நடுக்கம்தான் அவசரம். ஈறில் முன்பற்கள் அரிசி நுனிபோல முட்டிக்கொண்டிருந்தால் குட்டிக்கு மூன்று, நான்கு வாரம் இருக்கும். அந்த வயதில் அதன் உடம்பு தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. உங்கள் ஊர்க் குளிரில் கேட்கவே வேண்டாம்.

சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்றிருந்தால் பால் கொடுக்காதீர்கள். உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலை செய்யாது, குடித்த பால் செரிக்காமல் கிடக்கும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர அதற்கு இடம் வேண்டும். கரிச்சட்டியை மூட்டிக் கதவைச் சாத்திவிடாதீர்கள், அந்தப் புகை குட்டியை மட்டுமல்ல, உங்களையும் சாய்த்துவிடும்.

வாய் வெதுவெதுப்பான பிறகு பால். பசும்பாலிலுள்ள சர்க்கரை பூனைக்குட்டிகளுக்குச் சரியாகச் செரிக்காது, கழிச்சல் அதனால் வந்திருக்கலாம். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்து, மூன்று நான்கு மணிக்கொருமுறை கொடுங்கள். கைக்குழந்தைபோல மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாய்மடியில் குடிப்பதுபோலக் குப்புற இருக்கட்டும். தானாகச் சிறுநீர் போகாவிட்டால், குடித்து முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிப்பக்கம் மெல்ல வருடுங்கள். தாய்ப்பூனை நக்கிச் செய்கிற வேலை அது. சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டாலோ, கழிச்சல் ஒருநாளில் நிற்காவிட்டாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். பாராசிட்டமால் மட்டும் வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

நீங்கள் எழுதாத ஒன்று: குட்டி மகளைப் பிறாண்டியதா, கடித்ததா? அப்படியென்றால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 1907-லிருந்து வெறிநோய் சிகிச்சைக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம் குன்னூரில் இருக்கும்போது, நீலகிரிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 'குட்டிதானே' என்று விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடற்புழு மருந்தை இப்போதே கேட்டு வாங்குங்கள். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. வளர்ந்த பிறகும் ராத்திரி வீட்டுக்குள்ளேயே படுக்கட்டும். சிறுத்தை நடமாடும் மலை அது.