கடலோரத்தில் ஒரு பாலைவனம்

கேள்வி: கடலிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால்தான் பாலைவனங்கள் உருவாகின்றன என்று பள்ளியில் படித்தோம். தென்னமெரிக்காவின் அட்டகாமா பாலைவனமோ பசிபிக் பெருங்கடலின் கரையிலேயே இருக்கிறது. இது எப்படி?
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் படித்தது தவறல்ல, ஆசியாவின் நடுவே கிடக்கும் கோபிக்கு அந்தக் காரணம் பெருமளவு பொருந்தும். ஆனால் மழைக்கு ஈரம் மட்டும் போதாது, ஈரக்காற்று மேலெழுந்து குளிரவும் வேண்டும். அட்டகாமாவில் அதற்குத்தான் வழியில்லை.

நிலநடுக்கோட்டருகே சூடேறி மேலெழும் காற்று, தன் ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழிறங்குகிறது. இறங்கும்போது அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பமடைவதால், அதில் மேகம் திரள்வது அரிது. சகாரா, அரேபியா, கலகாரி ஆகியவை இந்த வறண்ட பட்டைகளில்தான் அமைந்துள்ளன, அட்டகாமாவும் அப்படியே. போதாக்குறைக்கு, கிழக்கே 6,000 மீட்டரையும் தாண்டும் சிகரங்களைக் கொண்ட ஆண்டிஸ் மலைத்தொடர் அமேசான் பக்கத்து ஈரக்காற்றை மறித்துவிடுகிறது.

அட்டகாமாவை உலகின் மிக வறண்ட பாலைவனங்களுள் ஒன்றாக்கியதில், நீங்கள் குறிப்பிடும் அந்தக் கடலுக்கே பெரும் பங்குண்டு. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும், கரையோரம் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும் கடலை ஒட்டிய காற்றைக் குளிரவைக்கின்றன. அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிந்திருப்பதால், கீழேயுள்ள கனத்த காற்றால் மேலேற முடிவதில்லை. சிலியின் அரிக்கா துறைமுக நகரில் சராசரி ஆண்டு மழை 1 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அங்கே 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்துக்கு பெங்குவேலா நீரோட்டம் இதே வேலையைச் செய்கிறது.

அட்டகாமாவில் மேலேற முடியாத அந்த ஈரம், ‘கமன்சாக்கா’ என்று உள்ளூர் மக்கள் அழைக்கும் மூடுபனியாகக் கரையோரக் குன்றுகளில் தவழ்கிறது. பாலைவனத்தின் தென் விளிம்புக்கு அருகிலுள்ள சுங்குங்கோ என்ற மீனவச் சிற்றூர், 1990களில் இந்தப் பனியையே குடிநீராக்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. குன்றின்மேல் கம்பங்களுக்கிடையே கட்டிய நெகிழி வலைகளில் நுண்துளிகள் ஒட்டி, ஒன்றுசேர்ந்து கனத்து, அடியிலுள்ள வாய்க்காலில் வடிய, அங்கிருந்து குழாய் வழியே நீர் ஊருக்கு இறங்கியது. கருத்தில் கொள்ளவேண்டிய அருமையான ஏற்பாடு இது.

கடலின் குளிர்ச்சிக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை எல் நினோ காலங்களில் நேரிலேயே காணலாம். கடல்நீர் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகும் அத்தகைய ஆண்டுகளில், அட்டகாமாவின் தென்பகுதியில் மழை கூடுகிறது. 1997-லும் 2015-லும் மணலுக்குள் உறங்கிய விதைகள் முளைத்து, அப்பகுதி பரவலாகப் பூத்தது.